பட்டுப் புடவைக்குள் போன பாடங்கள்

ஐயம்பேட்டை
6-8-2003

லண்டனில் பெரிய படிப்புப் படிக்கும் என் தம்பி மகள் சந்தியாவுக்குப் பெரியப்பா துரைக்கண்ணு ஆசி கூறித் தன் கையாலேயே எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். நானும் உடம்பளவில் நலம்தான். வெளியில் தலைகாட்டத்தான் முடியவில்லை.

நர்ஸ் லில்லி கேட்டாள் என்று, கம்ப்யூட்டரில் இனாமாகக் கிடைக்கும் சுகாதாரப் பாடங்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியலும், கூடவே வயிற்றுப்போக்கு, குடற்புழு, யானைக்கால் என்று படம் போட்ட பாடங்களும் அனுப்பினாயே, அதைக் காஞ்சிபுரத்தில் சிட்டிபாபுவின் இன்டர்நெட் கடையில் அச்செடுத்து வந்தவன் நான்தான். "எழுத்து தெரிஞ்சவன் நான் இருக்கசொல்ல நீ ஏம்மா அலையணும்?" என்று லில்லியிடம் நானே கேட்டு வாங்கிய வேலை. பதினாலாம் தேதி அவள் பன்னிரண்டு கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும். அதைப் பார்க்க மாவட்டத்திலிருந்து டாக்டர் வருகிறார்.

புடவை மடிக்கும்போது ஜரிகை உரசாமல் நடுவில் தாள் வைப்போம் அல்லவா? அதற்காக எடைக்கு வாங்கி வைத்திருந்த பழைய தாள்களோடு இந்தக் கட்டும் கலந்துவிட்டது. உன் பெரியம்மா காந்தா ஒரு தாளை உருவிக் காட்டி, "இது வேணுமா வேணாமா, படிச்சு சொல்லுங்க" என்றாள். முதியோர் பள்ளியில் இப்போதுதான் நான் கற்றது தமிழ் மட்டும். தாளில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சந்தியா. வரிக்கு வரி விரலை ஓட்டி, உதட்டை அசைத்து, "சினிமா சமாச்சாரம். வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள், நாம் புடவை நெய்து கொடுக்கும் கடைக்காரர் நமச்சிவாயம் வந்து நின்றார். "என்னாபா துரைக்கண்ணு, முகூர்த்தப் புடவைக்குள்ள குடல்பூச்சி வச்சு அனுப்பிக்கினு இருக்கே! பொண்ணோட அம்மா அலறிக்கினு எழுந்து போயிட்டாங்க" என்றார். தெருவே கேட்டது. "சினிமான்னீங்களே, யாருங்க ஹீரோ?" என்று உன் பெரியம்மா இன்றுவரை கேட்கிறாள். மீதிப் பாடங்கள் மற்ற புடவைகளோடு பெங்களூர் போய்விட்டன.

லில்லியிடம் எப்படிச் சொல்வது? இரண்டு முறை வாசலில் வந்து கூப்பிட்டாள். நான் தறிக்குக் கீழே கால் வைக்கும் குழிக்குள் இறங்கிக் குனிந்துகொண்டேன். என் வீம்பால் அவள் டாக்டர் முன்னால் வெறுங்கையோடு நிற்கப்போகிறாள். சிட்டிபாபு எடுத்துக் கொடுத்துவிட்டதால் அவன் கம்ப்யூட்டர் பெட்டியில் அந்தப் பாடங்கள் இனி இருக்கப்போவதில்லை. ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும், பதினாலாம் தேதிக்குள், எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை அனுப்பிவிடு. இந்தக் கடிதத்தை ஒரு வரி எழுதித் தள்ளி வைத்துப் பார்த்து, பிறகு அடுத்த வரி எழுதுகிறேன். இவ்வளவு வெட்கத்திலும் அது ஒரு சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

குளிருக்குக் காதை மூடிக்கொள். படிப்பும் உடம்பும் ஒருசேர வளர வாழ்த்தும்,
பெரியப்பா
துரைக்கண்ணு

பின்குறிப்பு: இன்று தேதி பதினேழு ஆகிவிட்டது. பயிற்சி நடந்து முடிந்து, டாக்டர் லில்லியைப் பாராட்டிவிட்டுப் போனாராம். நமச்சிவாயம் கத்திய அன்றே அவள் சிட்டிபாபு கடைக்குப் போய் மறுபடியும் அச்செடுத்திருக்கிறாள். "எடுத்தா தீந்துபோக அது இன்னா இட்லியா? எத்தினி தடவ வேணும்னாலும் எடுக்கலாம்" என்றானாம் அவன். அதைச் சொல்லத்தான் இரண்டு முறை வந்தாளாம். "குழிக்குள்ள உங்க தலை தெரிஞ்சுது ஐயா. பாவம், வெக்கப்படறாரேன்னு போயிட்டேன்" என்கிறாள். ஆகவே நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். பதினொரு நாள் எழுதிய கடிதம், கிழிக்க மனம் வரவில்லை. தபாலில் போடுகிறேன். கையெழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் பதில் எழுது.