பெண் பார்க்க வந்த இடத்தில் ஓநாய்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
27.10.2007

என்றும் அன்புக்குரிய மச்சான் நாகேந்திரத்துக்கு,

இன்று காலை பத்திரிகை பார்த்து முடித்த நேரம் வரைக்கும் இவ்விடத்தில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். கடிதம் உமது கைக்கு வந்து சேருகிற அன்றைய சுகத்துக்கு என்னால் உத்தரவாதம் தரமுடியாது. உமது தமக்கை கனகேஸ்வரிக்கு முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, அது குறைவதற்கு வழியும் இல்லை. அங்கே கனடாக் குளிரில் நீரும் மனைவி பிள்ளைகளும் காதையும் மூக்கையும் மூடிக்கொண்டு நலமாக இருக்க அந்தப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும்.

நீர் அனுப்பிய பார்சல் கிடைத்தது. சொக்கலேட் உருகியிருந்தது, ஆனாலும் சாப்பிட்டோம். தைலம் முழங்காலுக்குப் போய்விட்டது. மூன்றாவதாக மருமகள் அருந்ததிக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு படச்சீட்டுப் பெட்டி வைத்திருந்தீர் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். டெலிபோனில் சொல்லியிருப்பேன். ஆனால் "ஓநாய் ஆர், ராத்திரி ஆரைச் சாக்காட்டினது" என்றெல்லாம் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கனடாவுக்குப் போன் எடுத்துக் கதைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருந்ததியின் சம்பந்தம் குழம்பிவிட்டது. குழப்பியது உமது சீட்டுக்கட்டு.

மாப்பிள்ளை பெயர் சிவானந்தன். ஹெந்தளையில் சொந்த வீடு. இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். குடிவகை இல்லை, சாதகம் பொருத்தம், பொடியன் வாய் திறப்பதும் குறைவு. கேட்டுக்கேட்டு, ஆள்விட்டு, பொருத்தம் பார்த்துக் களைத்துப்போன எங்களுக்கு இது கடைசியில் வந்த நல்ல இடம். பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது, எனக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டு போகிறது. சொந்த வீட்டிலே, நிலையான விலாசத்திலே அவள் இருந்தால் நான் இரவில் கொஞ்சம் கண் அயர்வேன். எனக்கு வேறு ஆசை இல்லை மச்சான், சத்தியமாக.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையும், தகப்பன் பொன்னம்பலமும், தாய் இரத்தினம்மாவும் வந்தார்கள். வடை, கேசரி, தேத்தண்ணி எல்லாம் முறையாக நடந்தது. அருந்ததி வந்து கும்பிட்டாள். பொன்னம்பலம் மழையைப் பற்றிக் கதைத்தார், நான் வெயிலைப் பற்றிக் கதைத்தேன். எழும்பப் போகிற நேரம் கீழ்வீட்டு நஸீறா மூச்சிரைக்க ஓடிவந்தா. "அக்கா, பொலிசும் ஆமியும் வந்து லேன் ரெண்டு பக்கமும் மூடி ஈக்கிறாங்க. வீடு வீடா செக் பண்றாங்க. இப்ப யாருக்கும் போக ஏலா" என்றா. பிறகு தானும் இறங்கப் பயந்து எங்களோடேயே இருந்துவிட்டா.

பெண் பார்க்க வந்தவர்களை அடைத்துவைத்துக்கொண்டு என்னத்தைக் கதைப்பது? மழையும் வெயிலும் முடிந்துவிட்டன. கேசரியும் முடிந்துவிட்டது. பொன்னம்பலம் சுவரில் தொங்கிய கலண்டரை மூன்றாம் தரம் வாசிக்கத் தொடங்கினார். அப்போதுதான் உமது மருமகள் "ஒரு விளையாட்டு இருக்கு, மாமா அனுப்பினவர்" என்று அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். கனகேஸ்வரி தொண்டையைச் செருமினா. ஆனால் இரத்தினம்மா "பாப்பம் பிள்ளை" என்று முன்னுக்கு நகர்ந்து இருந்துவிட்டா. படங்கள் வடிவாகத்தான் இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. பல்லைக் காட்டுகிற ஓநாய் ஒன்று, கவைத்தடி பிடித்த குடியானவர்கள், கண்ணாடி உருண்டைக்குள் எதிர்காலம் பார்க்கிற சாத்திரக்காரி ஒருத்தி.

விளையாட்டின் முறை உமக்குத் தெரியும். ஆனாலும் ஆத்திரத்தில் எழுதுகிறேன். ஆளுக்கொரு சீட்டு. தன் சீட்டை ஒருவருக்கும் காட்டக்கூடாது. இரவு என்றால் எல்லோரும் கண்ணை மூட வேண்டும், ஓநாய்ச் சீட்டு வைத்திருப்பவர் மட்டும் கண்ணைத் திறந்து ஓர் ஆளைக் காட்டுவார், அந்த ஆள் செத்த கணக்கு. விடிந்ததும் மிச்சப் பேர் இருந்து கதைத்து, ஓநாய் யார் என்று பிடித்து, கைதூக்கி வெளியே போட வேண்டும். இப்படி ஒன்றை எங்களுக்குப் பொழுதுபோக்கு என்று காசு கொடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறீரே மச்சான், அங்கே கடையில் வேறு ஒன்றும் இருக்கவில்லையா?

முதல் ஆட்டத்தை அருந்ததி நடத்தினாள். சீட்டைக் கொடுத்துவிட்டு, எப்படி விசாரிப்பது என்று காட்ட, பொன்னம்பலத்தைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாக, "மாமா, நீங்கள் ஆர்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மனிதர் சட்டென்று எழும்பி நின்று, சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் நீட்டியதைக் கண்டு இரத்தினம்மா தன்னுடையதை நீட்டினா. நஸீறா நீட்டினா. மாப்பிள்ளை நீட்டினார். நான் மட்டும் என்ன, சீட்டோடு அடையாள அட்டையையும் இந்த விலாசத்துக்குப் பொலிஸ் பதிந்து தந்த துண்டையும் சேர்த்து மேசையில் வைத்துவிட்டேன். கை தன்பாட்டில் போய்விட்டது.

"காட்டக்கூடாது மாமா! காட்டினால் விளையாட்டு முடிஞ்சுது" என்றாள் அருந்ததி.

"காட்டாட்டில் சந்தேகம் வருமே பிள்ளை" என்றார் பொன்னம்பலம், மிகவும் கவலையோடு.

இரண்டாம் ஆட்டம் அதற்குமேல் பிழையாய்ப் போனது. சாத்திரக்காரிச் சீட்டு வைத்திருப்பவர் இரவில் ஓர் ஆளைச் சுட்டிக்காட்ட வேண்டுமாம். அந்த ஆள் ஓநாய் என்றால் நடத்துகிறவர் வாய் திறக்காமல் தலையை ஆட்ட வேண்டுமாம். அருந்ததி இதைச் சொல்லித் தலையை ஆட்டியும் காட்டினாள். முகத்துக்குச் சாக்குப் போட்டு ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, ஊர்ச் சனத்தை வரிசையில் நடத்தி, அந்தச் சாக்கு யாருக்குத் தலையாட்டுகிறதோ அவனை ஏற்றிக்கொண்டு போன காலம் உமக்கு மறந்திராது. பொன்னம்பலம் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். "என்ரை தம்பிக்கு ஒருக்கா ஆட்டினவங்கள் பிள்ளை. இந்தச் சீட்டு வேண்டாம்" என்றார். அருந்ததிக்குக் கண் கலங்கிவிட்டது. சாத்திரக்காரியைப் பெட்டிக்குள் போட்டு மூடினோம். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

ஆனால் லேன் இன்னும் திறக்கவில்லை. மூன்றாம் ஆட்டத்தை உமது தமக்கை நடத்தினா. "எல்லாரும் கண்ணை மூடுங்கோ!" என்று அதட்டுகிற உத்தியோகம் அவவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. இந்தமுறை காட்டிவிடக்கூடாது என்று நான் சீட்டின் மேலேயே இருந்தேன். மாப்பிள்ளை சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முதல் இரவு நஸீறா செத்துப்போய், எழும்பித் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனா. விடிந்தது. இனி ஓநாயைப் பிடிக்க வேண்டும். ஒருவராவது ஒருவரைக் கைகாட்டினால்தானே! "எனக்கு ஒண்டும் தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தனான்" என்றார் பொன்னம்பலம். "இஞ்சை இருக்கிற எல்லாரும் நல்ல ஆக்கள்" என்றா இரத்தினம்மா. "நான் இங்கே குடியிருப்பவன் மட்டுமே" என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அப்போது அருந்ததி மெல்ல, மிகவும் மனவருத்தத்தோடு, "சொல்லவே விருப்பமில்லை. ஆனால் அப்பா இரவு அசைஞ்சவர். கதிரை கீச்சிட்டது எனக்குக் கேட்டது" என்றாள். பெற்ற தகப்பனை! முதுகு பிடித்ததால் அசைந்தேன் என்று நான் சத்தியம் பண்ணினேன். எடுபடவில்லை. எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கனகேஸ்வரிக்கு உண்மை முழுக்கத் தெரியும், அவ சிரிப்பை அடக்கிக்கொண்டு "வெளியிலை போங்கோ" என்று எனக்குக் கதவைக் காட்டினா. அடுத்த இரவு பொன்னம்பலம் போனார். மிஞ்சியது அருந்ததி, மாப்பிள்ளை, இரத்தினம்மா மூன்று பேரும்தான்.

அந்த நேரம் கதவில் தட்டினார்கள். இது விளையாட்டு இல்லை.

ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். எங்களுடைய அட்டைகள், துண்டுகள் எல்லாம் பார்த்தார்கள், சரி. விருந்தினர் எங்கள் விலாசத்தில் பதிவில்லாதவர்கள் என்பதுதான் சிக்கல், அதிலும் ஓர் இளந்தாரி. அதிகாரி மாப்பிள்ளைக்கு நேரே விரலை நீட்டி, "மேயா கவுத?" என்று கேட்டார். இவர் யார் என்கிற கேள்விக்கு நாங்கள் எல்லோரும் எத்தனையோ தரம் பதில் சொல்லித் தேய்ந்தவர்கள். மாப்பிள்ளை சட்டைப் பைக்குள் கையை விட்டார், அட்டையை எடுத்தார், இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற எனக்கு மட்டும் படம் தெரிந்தது, கவைத்தடியோடு நிற்கிற குடியானவன்.

மச்சான், மாப்பிள்ளைக்கு வேர்த்து ஒழுகுகிறது, நாக்கு எழும்பவில்லை. "என்ன இது, பகிடியா?" என்று அதிகாரியின் முகம் மாறுகிறது. அப்போது அருந்ததி முன்னுக்கு வந்து, நல்ல சிங்களத்தில், கடையில் பாணுக்கு விலை கேட்கிறவள் மாதிரி ஆறுதலாகச் சொன்னாள். இது விளையாட்டுச் சீட்டு, இவர் என்னைக் கட்டப்போகிறவர், இப்போதுதான் நான் சம்மதம் சொன்னேன், அந்தச் சந்தோஷத்தில் மனிதருக்கு எந்தப் பை எது என்று தெரியவில்லை, தை மாதம் கல்யாணம், சேர், நீங்களும் வர வேண்டும். அதிகாரி அவளையே பார்த்தார். அவளும் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தாள். பிறகு அவர் சிரித்துவிட்டார். சரியான அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சம்மதமா? அவளை ஒருவரும் கேட்கவே இல்லை. தை மாதமா? ஒருவரும் நாள் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் "முகத்தை நேரை வைச்சிரு பிள்ளை, அழாதை" என்று சொல்லிச் சொல்லி அந்த முகத்தை நாங்கள்தான் பழக்கினோம். ஆனாலும் அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

இரத்தினம்மா திரும்பவும் தன் இடத்தில் வந்து இருந்து, "இதை முடிச்சுப்போட்டுப் போவம்" என்றா, சீட்டைப் பார்த்து. அருந்ததி, "மாமி, ஒளிக்க ஒண்டும் இல்லாத ஆள் ஏன் அப்பிடி வேர்த்தவர்?" என்று மட்டும் கேட்டாள். தாய் மகனை மேலும் கீழும் பார்த்தா. பெற்ற மகனுக்கு எதிராகக் கையைத் தூக்கினா. அருந்ததி தன் சீட்டைத் திருப்பினாள். ஓநாய்.

இரத்தினம்மா அந்த ஓநாயையும் அருந்ததியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தா. "முகத்திலை ஒண்டுமே தெரியேல்லையே" என்றா. அதற்குள் லேனும் திறந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒரு கிழமையாகப் போன் இல்லை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகரும் என்னைக் கண்டால் அடுத்த ஒழுங்கைக்குள் திரும்புகிறார். வாய் கூசாமல் பொய் சொல்லுகிற பெண்ணை எந்த மாமி எடுப்பா? எனக்குக் களைத்துவிட்டது மச்சான். ஆகையால் இத்துடன் சாதகத்தின் பிரதி வைத்திருக்கிறேன், அங்கே ஒரு பொடியனைப் பாரும். இந்தச் சம்பந்தம் குழம்பியதாகவே சொந்தக்காரருக்குச் சொல்லிவிடும். அடுத்த பார்சலில் சொக்கலேட் மட்டும் போதும்.

உமது பிள்ளைகள் படிப்பிலும் சுகத்திலும் குறைவில்லாமல் வளர வேண்டும் என்று நாங்கள் இருவரும் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
களைத்துப்போன அத்தான்,
சிவபாதசுந்தரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுகிற நேரம் இரத்தினம்மா போன் எடுத்தா. மேலே எழுதிய எல்லாவற்றையும் விடும், சாதகத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். அவ சொன்னது இதுதான்: "என்ரை பிள்ளை நல்லவன். ஆனால் ஒருத்தன் அதட்டினால் அவனுக்கு வாய் வராது. ஒவ்வொரு நாளும் ஹெந்தளையிலையிருந்து இரத்மலானை போய் வாறவன், வந்து சேருமட்டும் நான் படுற பாடு கடவுளுக்குத்தான் தெரியும். எங்கடை வீட்டிலை அந்த முகத்தோடை ஒரு ஆள் வேணும். பொலிசுக்குச் சொன்ன தை மாசத்தையே வைப்பம், பிறகு விசாரிச்சால் பொய்யாப் போயிடும்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கனகேஸ்வரி சாமியறைக்கு ஓடினா. நான் அருந்ததியைக் கூப்பிட்டு, இந்த முறையாவது கேட்போம் என்று, "பிள்ளை, உனக்கு உண்மையிலை விருப்பமோ?" என்று கேட்டேன். "ஓம் அப்பா" என்றாள், கண்ணைத் தாழ்த்தாமல். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை மச்சான். நீர் ஒருக்கால் போன் எடுத்து அவளோடு கதையும். நீர் தூரத்தில் இருக்கிறவர், உமக்காவது அவள் உண்மையைச் சொல்லக்கூடும்.