நாலாம் மாடியில் மந்திரத்துக்கு வந்த பதில்

ஆறு வருடங்களாக என் நண்பர்கள் மேல் பேய்களை ஏவிவிட்டவன் நான். ஒரேயொரு முறை ஒரு குரல் திரும்பிப் பதில் சொன்னபோது, சொந்தத் தங்கையை வீட்டுக்குள் விட்டுவிட்டு ஓடினேன். (இடுப்பில் கட்டிய சாரத்தோடு, செருப்பில்லாமல்.)

பேய் என்றால் மேசைப் பேய். வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி வீட்டில் ஞாயிறு மத்தியானங்களில் மூன்று பேர் கூடி விளையாடுவோம். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைத்து, ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு. கதையை நடத்துவது நான். பூதங்கள், சாபங்கள், விதிகள் எல்லாம் என் பொறுப்பு. தங்கை தர்ஷி மந்திரக்காரி. துறைமுகத்தில் வேலை செய்யும் நண்பன் அன்ரன் வாள் வீரன்.

இந்த விளையாட்டுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. தொடக்கத்தில் எலி கடித்தாலே மந்திரக்காரி செத்துவிடுவாள். வீரன்தான் காப்பாற்ற வேண்டும். கதை வளர வளர அவள் பறப்பாள், மலையைப் பெயர்ப்பாள். வீரன் அப்போதும் அதே வாளைத்தான் வீசிக்கொண்டிருப்பான், கொஞ்சம் பலமாக.

ஒரு ஞாயிறு அன்ரன் பகடையைக் கீழே வைத்தான்.

"மச்சான், நான் வெட்டுறன், வெட்டுறன், ஒருத்தனும் சாகிறானில்லை. இவள் வாயைத் திறந்தா முழுப் படையும் எரியுது. இதுக்கு நான் ஏன் கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வரவேணும்?"

அவன் போய்விட்டால் விளையாட்டே இல்லை. அவனுக்குப் பெரிய வாள் கொடுத்துப் பார்த்தேன். தர்ஷி அந்த வாளையே மந்திரத்தால் பறக்கவிட்டாள். அவளுடைய மந்திரங்களைப் பாதியாக வெட்டினேன்; அவள் எனக்குத் தேத்தண்ணி போடுவதை நிறுத்தினாள். கடைசியில் ஒரு விதி செய்தேன். பெரிய மந்திரம் என்றால் எழுந்து நின்று, உரத்த குரலில், நா தடுக்காமல் மூன்று தரம் சொல்ல வேண்டும். தடுக்கினால் மந்திரம் பலிக்காது. செத்தவரை எழுப்பும் மந்திரத்தை நானே எழுதினேன்.

குழிக்குள் கிடக்கும் கிழவா, விழி,
வழியில் விழுந்த நிழலே, விலகு,
பழைய எலும்பே, எழும்பு, எழும்பு.

(இதை எழுதிய இரவு, நான் ஒரு மேதை என்ற திருப்தியோடு தூங்கினேன்.)

விதி நன்றாக வேலை செய்தது. தர்ஷி தடுக்கினாள், அன்ரன் வெட்டினான், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் முதல் ஞாயிறே அவள் மந்திரத்தை முடித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மெதுவாக உராய்ந்தது. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர்கள் வெளிநாடு போய் வருடக்கணக்கு. வாசலில் ஆமைப்பூட்டு தொங்கியது. "தண்ணிப் பைப்பா இருக்கும்" என்றேன்.

அடுத்த ஞாயிறு "எழும்பு, எழும்பு" என்றதும் சுவரில் இரண்டு தட்டு. அவள் நிறுத்த, அதுவும் நின்றது. பைப்புக்கு எண்ணத் தெரியுமா என்று அன்ரன் கேட்டான். நான் சிரித்தேன். சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு மழை. பட்டப்பகலிலேயே அறை இருட்டி, மூன்று மணிக்குக் கரண்டும் போய்விட்டது. கடலோர ரயில் ஒன்று கடந்து போக, அதன் பிறகு மழையின் சத்தம்கூடக் குறைந்தது போலிருந்தது. தர்ஷி எழுந்து சுவரைப் பார்த்து நின்றாள். முதல் தரம் தடுக்கவில்லை. இரண்டாம் தரமும் தடுக்கவில்லை. மூன்றாம் தரம் "பழைய எலும்பே, எழும்பு, எழும்பு" என்று முடித்தாள்.

சுவருக்குள்ளிருந்து, மிகத் தாழ்வாக, நிலத்தோடு நிலமாக ஒரு குரல் வந்தது.

"எழும்ப... ஏலாது."

குரல் மறுபடி வந்தது. "எழும்ப ஏலாது பிள்ளை."

அடுத்து எனக்கு நினைவிருப்பது படிக்கட்டு. நாலு மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே கதிரையில் இருந்த காவலாளியிடம், எனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் திரட்டி, "அய்யே, உட ஹொல்மனக் இன்னவா" என்றேன். மேலே பேய் இருக்கிறது.

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். பேய் இல்லை தம்பி, அது அங்கிள் என்றார். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மகள், இடுப்பு உடைந்த தகப்பனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வாடகைக்குக் குடிவந்தாளாம். அவள் ஞாயிறும் நகைக்கடையில் வேலை. அவர் தனியே வெளியே வந்து படியில் விழுந்துவிடுவார் என்ற பயத்தில் பூட்டிவிட்டுப் போகிறாளாம். சொல்லிக்கொண்டே காவலாளி அந்த மகளுக்குப் போன் எடுத்தார்.

நான் மூச்சு வாங்கி மேலே ஏறி வர, பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. எங்கள் இஞ்சி இடிக்கும் கல்லால் அன்ரன் பூட்டை உடைத்திருந்தான். நிலத்தில் ஒரு கிழவர் கிடந்தார். காலையில் தண்ணீர் எடுக்கப் போய் விழுந்தவர். அவ்வளவு நேரமும் அங்கேயே கிடந்திருக்கிறார். எலும்பு உடைந்திருந்தால் அசைக்கக் கூடாது என்று அன்ரன் தலைக்கு மட்டும் தலையணை வைத்திருந்தான். தர்ஷி கரண்டியால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போக வெட்கமாக இருந்தது.

"இவர் ஆர்?" என்றார் கிழவர்.

"என்ர அண்ணா, அங்கிள். அந்த மந்திரம் எழுதினவர்."

அவர் என்னைச் சாரம் முதல் கால் வரை பார்த்தார். "மூண்டு கிழமையா, கிழவா எழும்பு, எழும்பு எண்டு கத்துவிக்கிறீர். ஏலுமெண்டால் எழும்பமாட்டனோ? போன கிழமையும் ரெண்டு தரம் தட்டிச் சொன்னனான்."

நல்லவேளை, ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்றும் உடையவில்லை என்றார்கள். மகள் அழுது முடித்து, புதுப் பூட்டின் மாற்றுத் திறப்பை எங்கள் வீட்டில் வைக்கத் தந்தாள். திறப்பை என்னிடம் தரவில்லை, அன்ரனிடம் தந்தாள். அந்த மந்திரத்தை நான் கிழித்துப் போட்டேன். இப்போதெல்லாம் என் கதைகளில் பூட்டிய கதவுகள் அதிகம். எந்த மந்திரத்துக்கும் அவை திறக்காது. யாராவது ஒருவன் கல்லை எடுத்துக்கொண்டு வர வேண்டும். அன்ரன் இரண்டு பஸ் மாறி நேரத்துக்கு வந்துவிடுகிறான்.

வீட்டில் கரப்பான் பறந்தாலும் தர்ஷி சொல்வாள்: "அண்ணா, படிக்கட்டு அந்தப் பக்கம்."

போன மாதம் அங்கிள், நாலுகால் தடியை ஊன்றி எங்கள் மேசைக்கு வந்தார். தனக்கும் ஒரு பாத்திரம் வேண்டும் என்றார். வாளா, மந்திரமா என்று கேட்டேன்.

"ரெண்டும் வேண்டாம். இந்த இடுப்போட எனக்கு ஒரே ஆசைதான். நல்லா ஓடுற ஆள் ஒண்டு தாரும்."

தர்ஷி பகடையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அந்த இடம் அண்ணாவுக்குக் குடுத்தாச்சு, அங்கிள்."