கூட்டு மனப்பான்மைக்கு இருபத்தெட்டு சில்லு

விருத்தாசலம் பீங்கான் பேட்டையின் சூளை ஒழுங்குமுறை அலுவலகத்தில் ஒரு புதிய பலகை தொங்கியது. "தினமும் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை இங்கு கூட்டு மனப்பான்மை வளர்க்கப்படும். பொதுமக்கள் இடையூறு செய்யாமல் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அதற்கு முன்னால் அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், தூக்கம் நடந்தது. அதையும் எல்லாரும் ஒற்றுமையாகத்தான் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்புஜவல்லி பலகையை இரண்டு தரம் படித்துவிட்டு, "அட கெரகமே" என்று படியில் உட்கார்ந்தாள். மீட்டர் பெட்டியில் வெள்ளை வெளேரென்று இருக்குமே பீங்கான் பீஸ் கட்டை, அதைச் செய்கிற கொட்டகை ஒன்று பேட்டையில் அவளுக்கு உண்டு. அச்சில் அழுத்தி, காயவைத்து, கூரை வரைக்கும் அடுக்கியாகிவிட்டது. சுட வேண்டியதுதான் பாக்கி. சுட வேண்டுமானால் பேட்டைக்கே பொதுவான சூளையை மூட்ட வேண்டும். மூட்ட வேண்டுமானால் அலுவலர் தனக்கோடி கையெழுத்துப் போட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சுடாத பச்சைக் கட்டை ஈரம் குடித்து, டீயில் போட்ட பொறை மாதிரி உதிர்ந்துவிடும். ஆர்டர் கொடுத்த மங்கலம்பேட்டை எலக்ட்ரிக் கடை பிரபாகரன் வேறு, "அக்கா, தீபாவளிக்குள்ள வரலேன்னா நான் வெளியூருல வாங்கிக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டான். கொட்டகையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்த ஆர்டரை நம்பித்தான் தீபாவளி.

எழுத்தர் தமிழ்ச்செல்வன் டீ குடிக்க வெளியே வந்தான்.

"தம்பி, சாரு எப்பதான் கையெழுத்து போடுவாரு?"

"சாரு மலை மேல ட்ரெயினிங் போயிட்டு வந்துட்டாருக்கா. இனிமே எல்லாமே டீம் ஸ்பிரிட்டுதான்."

அந்த வருசம் ஊரெல்லாம் இதே பேச்சு. டியூஷன் சென்டரில் டீம், சீட்டுக் கம்பெனியில் டீம். கல்யாண மண்டபத்தில் டை கட்டிய ஒருத்தர் பெரிய பெரிய ஆட்களை உட்காரவைத்து பலூன் ஊதச் சொன்னார், அவர்களும் வாயைக் கோணிக்கொண்டு ஊதினார்கள். அரசாங்கம் மட்டும் பின்தங்கினால் நன்றாக இருக்குமா? தனக்கோடியை மலைக்கு அனுப்பிவைத்தது. அவர் ஒரு சால்வையும், ஒரு சான்றிதழும், ஒரு பெட்டி டோமினோவும் கொண்டுவந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு அம்புஜவல்லி ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். மேஜை மேல் பிளாஸ்டிக் சில்லுகள் கவிழ்ந்து கிடந்தன. தனக்கோடி எழுந்து நின்று ஆட்டத்தை விளக்கினார்.

"மொத்தம் இருபத்தெட்டு சில்லு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் புள்ளி. நாலு பேரு, ஆளுக்கு ஏழு. எதிரெதிர உக்காந்திருக்கறவங்க ஒரு கட்சி. ஆறு-ஆறு வைச்சிருக்கறவரு ஆரம்பிக்கணும். வரிசையோட முனையில என்ன புள்ளி இருக்குதோ அதே புள்ளி உள்ள சில்லை அடுத்தவரு சேத்து வைக்கணும். இல்லேன்னா 'பாஸ்' சொல்லணும். கையில இருக்கறது யாருக்கு முதல்ல தீருதோ அவரு கட்சி ஜெயிச்சுது. எல்லாரும் பாஸ்னா ஆட்டம் அடைச்சிக்கும். கட்சிக்காரங்க பேசிக்கக் கூடாது. புரியுதா?"

கண்காணிப்பாளர் காசியம்மாள் கையைத் தூக்கினார். இருபது வருசமாக ஒரு தப்பும் செய்யாதவர் என்று பெயர் வாங்கியவர். ஏதாவது செய்தால்தானே தப்பு வரும்! "சார், நாலாவது பணியிடம் காலியா இருக்குதே?"

எல்லாரும் நாலாவது நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கே ஒரு குடை மட்டும் இருந்தது. தனக்கோடி யோசித்து, காலிப் பணியிடத்துக்கும் முறைப்படி ஏழு சில்லு ஒதுக்கினார். காலிப் பணியிடத்தின் முறை வரும்போதெல்லாம் எல்லாரும் ஒரு நிமிடம் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அது எதையும் வைக்கவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் அம்புஜவல்லிக்குப் பொறுக்கவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. "சார், நான் வேணா உக்கார்றேன். ஆட்டம் முடிஞ்சாவாச்சும் கையெழுத்து போடுவீங்கல்ல?"

பிற்காலத்தில் எவ்வித உரிமையும் கோரமாட்டேன் என்று வாயால் சொல்லவைத்துவிட்டு, அவளைத் தற்காலிகமாக உட்காரவிட்டார்கள். தனக்கோடி ஆறு-ஆறை எடுத்துத் தட்டென்று வைத்தார். அடுத்து காசியம்மாள். அவர் கையில் ஆறு புள்ளிச் சில்லு இரண்டு இருந்ததை அம்புஜவல்லி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"சார், ஆறுக்கு ஆறு வைக்கறதுக்கு முன்மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இப்பதானே ஆரம்பிக்கறோம்?"

"அப்ப எதுக்கு வம்பு. பாஸ்."

தமிழ்ச்செல்வன் பதறிப்போனான். "மேடமே பாஸ் சொன்னப்புறம் நான் வைச்சா நல்லாவா இருக்கும்? நானும் பாஸ் சார்."

அம்புஜவல்லி ஆறு-மூன்றை எடுத்துப் பொருத்திவைத்தாள்.

"என்னம்மா, நேரா வைச்சிட்ட?" என்றார் தனக்கோடி.

"பொருந்துது சார். வைச்சேன். அதானே ஆட்டம்?"

"அதுக்குன்னு ஒரு முறை கிடையாதா? நீ தம்பிகிட்ட குடு. தம்பி பரிசீலனை பண்ணி மேடத்துக்கு அனுப்பணும். மேடம் பரிந்துரை பண்ணி எனக்கு அனுப்பணும். நான் ஒப்புதல் குடுத்தப்புறம் அதே வழியில திரும்பி வரும். அப்ப வை."

சில்லு மேஜையைச் சுற்றிக் கிளம்பியது. காசியம்மாள் அதைத் திருப்பிப் பார்த்து, மூன்று புள்ளியா நான்கு புள்ளியா என்று விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். ஐந்து மணி அடிக்கும்போது சில்லு தமிழ்ச்செல்வனிடம் நிலுவையில் இருந்தது. அம்புஜவல்லி வெளியே வந்து, புளியமரத்தைப் பார்த்து நல்லாத் திட்டினாள். அது பாவம் என்ன செய்யும்?

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது. பீங்கானுக்குப் பேர்போன ஊரில் பிளாஸ்டிக் சில்லு வைத்து ஆடுவது மண்ணின் மாண்புக்கு உகந்ததா என்று கேட்டார்களாம். தனக்கோடிக்கு வியர்த்துவிட்டது. அம்புஜவல்லிக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது.

"நான் பீங்கான்ல செஞ்சு தரேன் சார். ஆனா சுடணும்னா சூளை மூட்டணும்."

"இருபத்தெட்டு சில்லுக்கு அவ்ளோ பெரிய சூளையா?"

"மீதி எடத்துல என் கட்டைங்கள வைச்சுக்கறேன். சும்மா எரியறதுக்கு அதுவாவது வேகட்டும்."

ஒரு மாதமாகப் பேனா எங்கே இருக்கிறது என்றே தெரியாத அலுவலகத்தில் அந்த நிமிடமே கையெழுத்து விழுந்தது.

சில்லு செய்தாள், காயவைத்தாள், புள்ளி வைக்க சூளைச் சாயத்தை எடுத்தாள். "நில்லு!" என்றார் தனக்கோடி. "புள்ளிங்கறது எண்ணிக்கை. அரசாங்க எண்ணிக்கையை யாரு வேணா போடலாமா? அத்தாட்சி வேணாம்?" சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தார். பெரிய அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய பச்சை மை. நூற்று அறுபத்தெட்டுப் புள்ளியையும் தன் கையாலேயே வைத்தார். காசியம்மாள் எண்ணிச் சரிபார்த்தார். தமிழ்ச்செல்வன் ஊதி ஊதிக் காயவைத்தான்.

பேனா மை சூளைத் தீயில் நிற்காது என்பது பேட்டையில் மேய்கிற கோழிக்குக்கூடத் தெரியும். காசியம்மாளின் வீடு சூளைக்குப் பக்கத்துத் தெரு. தமிழ்ச்செல்வனின் மாமனார் சூளை போடுகிறவர். அம்புஜவல்லி அவர்களைப் பார்த்தாள். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாமா? சொன்னால் மைக்கென்று தனியாக ஒரு கோப்பு திறப்பார்கள். சாயத்துக்கு டெண்டர் விடுவார்கள். மழை வரும், கட்டை உதிரும், தீபாவளி போகும்.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல சார். பாஸ்."

சூளை பிரித்த அன்று அவள் கட்டைகள் தட்டத் தட்டக் கணீர் கணீரென்று சத்தம் போட்டன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோசம். இருபத்தெட்டு சில்லும் பால் மாதிரி வந்திருந்தன. ஒன்றில்கூட ஒரு புள்ளி இல்லை.

தனக்கோடி அவற்றை மேஜையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வேறு வழி தெரியாமல், ஒன்றை எடுத்து வைத்தார். காசியம்மாள் உற்றுப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. தன் சில்லிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் பொருந்துவதில் எந்த விதிமீறலும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார்; சில்லை வைத்தார். தமிழ்ச்செல்வன் வைத்தான். அம்புஜவல்லி வைத்தாள். விளக்கம் கேட்க ஒன்றுமில்லை, பாஸ் சொல்ல ஒன்றுமில்லை. டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. முதலில் ஆரம்பிப்பவர் கைதான் முதலில் தீரும். ஆரம்பிப்பவர் எப்போதும் தனக்கோடி.

"இதுதான்யா கூட்டு மனப்பான்மை!" என்று கண்கலங்கினார்.

சர்ச்சைக்கு இடமளிக்காத டோமினோ என்று மேலிடம் பாராட்டியது. பெண்ணாடத்திலிருந்தும் பக்கத்து மங்களூரிலிருந்தும் ஆபீஸ் ஆபீசாக ஆர்டர் வந்து குவிந்தது. அரசாங்கச் சில்லுக்குச் சூளையில் முன்னுரிமை. அம்புஜவல்லிக்குச் செய்யவும் சுலபம். ஓட்டை போட வேண்டாம், திருகு பூட்ட வேண்டாம், புள்ளிகூட வேண்டாம். பக்கத்துக் கொட்டகைகளும் கட்டையை விட்டுவிட்டுச் சில்லுக்கு மாறின. அடுத்த லோடு கேட்டு பிரபாகரன் நேரிலேயே வந்தபோது அவள் கொட்டகை வாசலிலும் அதே மாதிரி ஒரு பலகை தொங்கியது. உள்ளே அவளும் வேலைக்காரப் பெண்களும் சில்லு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கட்டை எப்பக்கா கெடைக்கும்?"

"பாஸ்" என்றாள், தலையைத் தூக்காமலே. சொன்ன பிறகு கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பிற்பகலில் அலுவலகத்து ஃபேன் நின்றுபோனது. அடுத்த ஆர்டருக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்த அம்புஜவல்லி வழக்கம்போல நாலாவது நாற்காலியில் இருந்தாள். கரண்ட் வேலை பார்க்கும் காத்தவராயனைக் கூப்பிட்டார்கள். அவன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"பீஸ் கட்டை வெடிச்சிடுச்சு சார். கடையில ஒண்ணும் இல்ல. ஊருலயே இல்ல."

"பீங்கான் பேட்டையிலயா இல்ல? யாருய்யா செய்யாம விட்டது?" என்று தனக்கோடி கொதித்தார். அம்புஜவல்லி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

காத்தவராயன் மேஜையிலிருந்து ஒரு சில்லை எடுத்தான். "இதும் பீங்கான்தானே?" என்று அதன் மேல் கம்பியைச் சுற்றி, பெட்டிக்குள் பொருத்தி, சுவிட்சைப் போட்டான். ஃபேன் ஓடியது. எல்லாரும் ஆகா என்று முகத்தைக் காற்றுக்குக் காட்டினார்கள். அந்தச் சில்லு முதல்முறையாக எதற்கோ பயன்பட்டது.

மறுபடி சில்லைப் பங்கு போட்டபோதுதான் தெரிந்தது, தமிழ்ச்செல்வன் கையில் ஆறுதான் இருந்தது.

"சார், ஒண்ணு கொறையுது. இருபத்தேழை வைச்சு ஆடலாமான்னு வழிகாட்டுதல் இல்லீங்க" என்றார் காசியம்மாள்.

தனக்கோடி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். கீழே மேஜையைப் பார்த்தார். ஃபேனா சில்லா என்று ஒவ்வொருவர் கருத்தையும் கேட்டார். காசியம்மாள் சில்லு என்றார். தமிழ்ச்செல்வன், மேடம் சொன்னதுதான் என்றான். அம்புஜவல்லி, கையெழுத்தாகாமல் கிடந்த தன் ஆர்டரைப் பார்த்துக்கொண்டு, "சில்லுதான் முக்கியம் சார்" என்றாள்.

காத்தவராயன் தலையில் அடித்துக்கொண்டு அதைக் கழற்றிக் கொடுத்தான். ஃபேன் நின்றது. "அப்ப காத்துக்கு என்னதான் பண்றது?" என்று கேட்டான்.

வேர்த்து வழிந்துகொண்டே நாலு பேரும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஒரே குரலில் சொன்னார்கள்: "பாஸ்."