பிள்ளைக்கு ஒரு காரணம்

எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத ஒரு நாட்டில், எது இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. எல்லாக் காரணங்களுக்கும் காரணம் மன்னர். அவரைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் வெயில் அடிப்பதே அவர் இருப்பதால்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதலில் மலையடி ஊற்றிடம் காரணம் கேட்டார்கள். அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்ததே தவிர, பதில் சொல்லவில்லை. கல்லைப் போட்டு அடைத்தார்கள். பெண்கள் குடத்தோடு அரைக் காதம் நடந்தார்கள். அடுத்த ஆணை வயிற்றுப் பிள்ளைகளுக்கு வந்தது: மன்னர் முத்திரை வருமுன் பிறந்தால் அது பிறந்ததாகாது. இல்லாத பிள்ளை அழுவது குற்றம்.

சவரத் தொழிலாளி வீரணனின் மனைவி சிலம்பாயிக்கு கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் கரு தங்கியிருந்தது. அவர்களைவிடத் தெருதான் கவனமாக நாள் எண்ணியது. மனுப் போட்டு ஏழு மாதம் ஆகியும் பதில் இல்லை. ஒருநாள் காலையில் வலி கண்டுவிட்டது.

"ஓடுய்யா, முத்திரைய வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றாள் மருத்துவச்சி ஒச்சாயி. எதைப் பார்த்துக்கொள்வாள் என்று வீரணன் கேட்கவில்லை.

காரண அமைச்சர் மாதேவராயர் மனுவை மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இந்தக் குழந்தை எதற்காக?"

"எதுக்குன்னா... எங்களுக்குத்தாங்க."

"அது விருப்பம், காரணம் அன்று. மன்னர்தான் காரணம் அருள வேண்டும். மழிக்காத முகத்தோடு அவர் அருளுவதில்லை. உள்ளே போய் மழித்துவிட்டு வாரும்."

உள்ளே அரியணை இருந்தது. ஆள் இல்லை. வீரணன் திரையை விலக்கிப் பார்த்தார். அரியணைக்குப் பின்னாலும் பார்த்தார். இருக்கையில் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. சன்னல் வழியாக வெயில் மட்டும், யாரையும் கேட்காமல், தரையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் வெளியே வந்தார்.

"சாமி, உள்ள யாருமே..."

"என் பாட்டனார் காலத்திலும் இல்லை" என்றார் அமைச்சர், குரலைத் தாழ்த்தி.

"அப்ப இந்த வெயிலு?"

"அதைத்தான் நாங்களும் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மழித்தீரா?"

முத்திரைக் கட்டை அமைச்சரின் கையில் இருந்தது. காகிதத்தில் இன்னும் படவில்லை.

"மழிச்சேங்க. வலது கன்னத்துலதான் முடி கொஞ்சம் முரடு."

முத்திரை விழுந்தது.

அவர் ஓடி வந்தபோது வாசலில் தெருவே நின்றது. வீட்டுக்குள் சத்தமில்லை. ஒச்சாயி பிள்ளையை மடியில் வைத்து, அதன் வாயை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

"பொறந்து ஒரு நாழிகை ஆச்சு. வெரசா காட்டு!"

ஆணையைப் பார்த்ததும் கையை எடுத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். பிள்ளை அழவில்லை. முதுகைத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, வீரணனிடம் கேட்டாள்: "அரியணை இன்னும் காலியாத்தான் கெடக்கா?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

புதைக்க அனுமதி கேட்டு வீரணன் மனுப் போட்டார். இருப்பதாக ஆணை பெற்ற பிள்ளையைப் புதைக்கக் காரணம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கொல்லையில் அவரே குழி வெட்டினார். பிள்ளை பெயரில் அரண்மனையிலிருந்து தினமும் பால் வருகிறது.

தெருப் பெண்கள் போகிற போக்கில் தொட்டிலை எட்டிப் பார்த்து, "அப்பன் ஜாடைதான்" என்கிறார்கள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா" என்கிறாள் சிலம்பாயி.

இரண்டாம் முறை குனிந்து பார்க்க இதுவரை ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை.