கரண்டி அண்ணனும் சாகாத வில்லனும்

உலகத்துச் சர்வாதிகாரிகள் அத்தனை பேரையும் ஒழிக்கத் தெரிந்த ஒரே மனிதர், பசுமலையில் நான் தங்கியிருந்த ஆண்கள் விடுதியில்தான் இருந்தார். உசிலம்பட்டிக்காரர். வருஷம் முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிப்பார். தேர்வுகள்தான் அவரைக் கண்டால் தள்ளிப்போகும்.

நான் அப்போது எதிர்காலத்தில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கொடுங்கோலன், தெருவெல்லாம் கேமரா, பசித்த ஜனம், கடைசியில் புரட்சி. அவனைக் கொன்று முடித்த கையோடு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வரிசையில் அந்த உசிலம்பட்டி அண்ணனிடம் பெருமையடித்தேன்.

"செத்துட்டானா? சரி மாப்ள, அவன் கையில இருந்த கரண்டி எங்க?"

"எந்தக் கரண்டிண்ணே?" என்றேன். அண்டாவைக் காட்டினார். குழம்பு ஊற்றுகிறவர் தன் கூட்டாளிகளுக்குக் கரண்டியை அடிவரை விட்டுக் கறியாக அள்ளினார். மற்றவர்களுக்கு மேலாக மொண்டு வெறும் சாறு. துணிக்கடையில் அரைநாள் வேலை முடித்துக் கடைசியாக வரும் பாண்டிக்கு வாசனை மட்டும். ஆள் செத்தாலும் கரண்டி சாகாது என்று எனக்குப் பொறி தட்டியது அந்த இடத்தில்தான்.

"பாண்டி தட்டுல ஒரு துண்டு விழணும். அம்புட்டுதான் நம்ம புரட்சி" என்றவர், மறுவாரமே போய்க் கரண்டியைப் பிடுங்கினார். அன்றிலிருந்து அவர் கரண்டி அண்ணன்.

ஓட்டுப் போட்டு ஒரு நல்லவனிடம் கரண்டியைக் கொடுத்தோம். சீக்கிரமே அவன் அறைக்காரர்கள் தட்டில் மட்டும் எலும்பு மலையாகக் குவிந்தது. "கரண்டியே வேணாம், அவனவன் எடுத்துக்கங்கடா!" என்றார் அண்ணன். முதலில் வந்தவர்கள் அண்டாவுக்குள் முங்கிக் குளித்தார்கள். அப்புறம் டோக்கன். டோக்கன் கொடுப்பவனின் பைக்கைத் துடைக்க நாலு பேர் போட்டி போட்டார்கள். பாண்டிக்கு அப்போதும் வாசனைதான்.

"பாத்தியா மாப்ள? அதே பயதான், சட்டைய மாத்திக்கிட்டு வாரான்!"

நானும் சளைக்காமல் நாவலில் வில்லனை எழுப்பி எழுப்பிக் கொன்றேன்.

கடைசியில் அண்ணனே பொறுப்பேற்றார். வாட்ஸப் குழு ஆரம்பித்தார். காலித் தட்டைப் படமெடுத்து அனுப்பினால்தான் சோறு. வரிசையில் பேசினால் கடைசிக்குப் போ. "ஏண்ணே?" என்று கேட்டவர்களைக் குழுவிலிருந்து தூக்கினார். குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னதற்கு என்னையும் தூக்கினார்.

ஆனால், பாண்டி தட்டில் கறி விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு துண்டு. அவன் கைவைக்காமல் நின்றான்.

"ஏன்டா, தின்னு."

"திங்கிறேண்ணே. ஆனா ஒங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

அண்ணன் தன் கையிலிருந்த கரண்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மெதுவாக அண்டாவில் வைத்தார். எங்களையெல்லாம் மறுபடி குழுவில் சேர்த்துவிட்டு, தான் வெளியேறினார்.

இப்போது நான் வண்டியூரில் இருக்கிறேன். நாவல் இன்னும் முடியவில்லை. நேற்று விடுதியிலிருந்து அண்ணனின் போன்.

"மாப்ள, கண்டுபிடிச்சுட்டேன்! வர்ற ஞாயித்துக்கெழம கண்ணத் துண்டால கட்டிக்கிட்டு ஊத்தப் போறேன். எவன் தட்டுன்னே தெரியாதுல்ல?"

"அண்ணே, கொதிக்கிற கொழம்புண்ணே!"

"அதான் ஒன்னயக் கூப்பிடுறேன். மொத ஆளா நீ நில்லு. வேற எவனும் வர மாட்டேங்கிறான்."

வில்லன் இந்தமுறை எந்தச் சட்டையில் வருவானோ, தெரியாது. ஞாயிறு காலையிலேயே பஸ் ஏறப் போகிறேன். அவர் ஊற்றும்போது கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.