ஒரு வருத்தமும் இல்லாத புருவங்கள்

எங்கள் குடாநாட்டில் வருத்தமில்லாதவர், அதாவது ஒரு நோயும் இல்லாதவர், என்று ஓர் இனம் உண்டு. இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரிசையில்தான் நிற்பார்கள். கிளினிக் கொப்பியைப் பேப்பருக்குள் மடித்து வைத்துக்கொண்டு, யாராவது விசாரித்தால், "சும்மா, தெரிஞ்ச ஒராளைப் பாக்க வந்தனான்" என்பார்கள். நீரிழிவுக்குக் குளிசை போடுகிறவர் விருந்து வீட்டில் லட்டை மறுக்கும்போது "இப்பதான் சாப்பிட்டனான்" என்பார். பருத்தித்துறைக்காரர் யாழ்ப்பாணத்து டொக்டரிடம் போவார், யாழ்ப்பாணத்துக்காரர் பருத்தித்துறைக்கு வருவார், நெல்லியடியில் எதிரெதிராக நிற்கும் பஸ்களில் இருவரும் ஒருவரையொருவர் கண்டு, காணாதது போல மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஏன் இந்த ஒளிப்பு? வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பிள்ளை இருக்கும். தாய்க்கு ஒரு தும்மல் என்று வெளியே தெரிந்தால், அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பரம்பரைச் சுவாச நோயாகிவிடும். ஆகவே யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

இவ்வளவு விபரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் இந்த இனத்தின் ஆயுட்கால உறுப்பினர். பெயர் பியாட்றிஸ், வயது ஐம்பத்தாறு, எட்டு வயதிலிருந்து தோலில் கடியும் சொறியுமாகக் கரப்பன். முழங்கை மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் நிரந்தரமாகக் குடியிருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் புருவம் வரைக்கும் உலாப் போகும். இது என் கணவருக்கும் மகளுக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும்.

என் மகள் ஜொய்சிக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு சம்பந்தங்கள் பேசிக் கைவிட்டுப் போயின. மூன்றாவது, பண்டத்தரிப்புப் பொடியன் ஜெரிசன். தாயில்லாத பிள்ளை, வளர்த்தது பெரியம்மா நிமலினி. அந்த வீட்டில் அவர் சொன்னால் சரி. நாங்கள் அவரை ஃபோனில் கேட்டதோடு சரி, நேரில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தாயைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து என் தங்கை வீடியோவில் வந்தாள். அவளுடைய புருவம் மயிர்மயிராக மேலே நிமிர்ந்து, சீவிவிட்டாற்போல நின்றது. லமினேசன் என்றாள்.

"அடையாள அட்டைக்கெல்லோ லமினேற் பண்ணுறது" என்றார் என் கணவர் செல்வத்துரை. அவருக்கு இதெல்லாம் விளங்காது.

எனக்கோ ஆசை வந்துவிட்டது. எங்கள் பருத்தித்துறையில் அழகு நிலையங்கள் இல்லையா? உண்டு. ஆனால் அங்கே போனால் ஊர் அறியும். எனவே வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறி இணுவிலுக்குப் போனேன். அங்கே சுபாஜினி என்ற பிள்ளை, பொறுப்பான பிள்ளை, கையில் ஒரு படிவத்தோடு வந்து பக்கத்தில் இருந்தது. அடுத்த கதிரையில் என் வயதில் ஒரு பெண் தலையில் துவாயும் புருவத்தில் கண்ணாடித் தாளுமாகக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கண்தான் மூடியிருந்தது, காது திறந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் யாருக்கு என்ன முறை என்று யாரால் சொல்ல முடியும்?

"அன்ரி, தோல் வருத்தம் ஏதும் இருக்கோ? கரப்பன், சொரியாசிஸ் அப்பிடி?"

"இல்லை."

"முகத்துக்கு ரெட்டினோல் கலந்த கிறீம் ஏதும் பூசுறனீங்களோ? அது தோலை மெல்லிசாக்கிப்போடும்."

தங்கை அனுப்பிய கிறீமில் பாதி முடிந்திருந்தது. "இல்லை."

"கிட்டடியிலை புருவத்துக்கு நூல் போட்டு மயிர் எடுத்தனீங்களோ?"

முதல்நாள்தான் போட்டிருந்தேன். "பிள்ளை, எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை" என்று, கேள்வியோடு சம்பந்தமில்லாமல், அடுத்த கதிரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சுபாஜினி விடவில்லை. "எண்டாலும் இண்டைக்குக் காதுக்குப் பின்னாலை ஒரு பொட்டுப் பூசி விடுறன். ரண்டு நாள் பாத்து, ஒண்டும் செய்யாட்டி வாங்கோ. இது தலைமயிரை நிமித்துற மருந்து மாதிரித்தான், எல்லாருக்கும் ஒத்துவராது."

காதுக்குப் பின்னாலா? உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, என் இரகசியம் குடியிருக்கும் வீட்டுக் கதவைத்தானா தட்ட வேண்டும்? "எனக்கு ஒண்டும் செய்யாது" என்றேன்.

அடுத்த கதிரை கண் திறவாமலே பேசியது. "என்னட்டையும் இந்தப் பிள்ளை இதைத்தான் கேட்டது. நானும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். வருத்தம் இருக்கிற ஆக்களெல்லோ பயப்பிடோணும்."

இருவரும் ஒருவரையொருவர் மெச்சினோம். நான் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். சுபாஜினி முதல் மருந்தைப் பூசி மயிரை நிமிர்த்தி ஒட்டியது. இரண்டு நிமிடத்தில் நெருப்பாக எரிந்தது.

"எரியுதோ அன்ரி? எரிஞ்சா உடனை சொல்லுங்கோ, துடைச்சுப்போடலாம்."

"இல்லை" என்றேன். ஐம்பது வருடம் பழகிய வாய், வேறு என்ன சொல்லும்? முழு நேரமும் எரிந்தேன்.

அன்று பின்னேரம் என் புருவம் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சனிக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால், புருவம் இருந்த இடத்தில் இரண்டு சிவந்த வரம்புகள். தொட்டால் நீர் கசிந்தது. தலையணை உறையில் புருவ மயிர் கிடந்தது.

"டொக்டரிட்டைப் போவம்" என்றார் செல்வத்துரை.

"எந்த ஊர் டொக்டரிட்டை?" என்றேன். எங்களைத் தெரியாத ஓர் ஊரைத் தேடி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

தடித்த கறுப்புக் கரை போட்ட பழைய கண்ணாடியை அணிந்து, குளவி குத்தியது என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். வந்தார்கள். ஜெரிசன் நல்ல அடக்கமான பிள்ளை. நிமலினி பென்னாம்பெரிய கறுப்புக் கண்ணாடியோடு வந்து, வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார். அவருடைய குரலை ஃபோன் அல்லாமல் வேறெங்கோ கேட்ட ஞாபகம். ஜொய்சி சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"குறை நினையாதேங்கோ, வழக்கமாக் கேக்கிறதுதான். குடும்பத்திலை ஏதும் வருத்தம்..." என்று கேட்டுக்கொண்டே நிமலினி ஒரு வாய் குடித்தார். ஆவியில் கறுப்புக் கண்ணாடி மங்கியது. மறந்துபோய்க் கழற்றித் துடைத்தார்.

இரண்டு சிவந்த வரம்புகள். இடது பக்கம் பாதி மொட்டை.

இணுவிலில் என் பக்கத்துக் கதிரை! என் கை தானாகவே என் கண்ணாடியைக் கழற்றிவிட்டது. "எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும்..." என்று தொடங்கினேன்.

"அம்மாவுக்குச் சின்னனிலை இருந்து கரப்பன்" என்றாள் ஜொய்சி. "எனக்கும் முழங்கையிலை கொஞ்சம் இருக்கு. ஒருத்தருக்கும் ஒட்டாது. தெரிஞ்சுகொண்டு விருப்பமெண்டால் கதையுங்கோ."

இரண்டு புருவத்துக்கு ஆசைப்பட்டு என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று உண்மையாகவே கண் கலங்கியது. துடைத்த கை புருவத்தில் பட்டு, அந்த உப்புத் தண்ணீரில் அதுவும் எரிந்தது.

நிமலினி கோப்பையை வைத்தார். கதிரையை என் பக்கம் இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குக் காதுக்குப் பின்னாலை. நீங்கள் என்ன பூசுறனீங்கள்?"

கலியாணம் தை மாதம். சம்பந்திகள் இருவரும் படத்தில் பென்சிலால் கீறிய புருவத்தோடுதான் நிற்போம். பழையபடி முளைக்க மாதக்கணக்காகும் என்று தோல் வைத்தியர் சொல்லிவிட்டார். ஓம், போனோம், இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். இனி ஒளிப்பதில்லை என்று பஸ்ஸில் சத்தியமும் செய்துகொண்டோம். வரிசையில் நிற்கும்போது எங்கள் சபைப் போதகரின் மனைவி கண்டு, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார்.

"தெரிஞ்ச ஒராளைப் பாக்க வந்தனாங்கள்" என்றோம், ஒரே குரலில். அவரும் அதற்குத்தான் வந்தாராம்.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டு வாசித்தீர்கள், நல்லது. இடையில் உங்கள் கை ஒருமுறை காதுக்குப் பின்னால் போய் வந்ததே, அங்கே ஏதும் கடிக்கிறதா?

இல்லையா? அப்படியானால் வாருங்கள், பக்கத்துக் கதிரை காலியாகத்தான் இருக்கிறது.