வவுச்சரில் வந்த வேன் கதவு

“முன்சீட்டில் உட்கார வேண்டாம். கதவு தானாகத் திறந்துகொள்ளும்.”

வவுச்சரின் அடியில், ‘சிறப்பு அம்சங்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே, இந்த வரி அழகாக அச்சாகியிருந்தது. ஆட்களை மலையிலிருந்து பாராகிளைடர் என்ற துணி இறக்கையில் பறக்கவைக்கும் கவுன்ட்டரில் இருந்த அண்ணி அதை மூன்று முறை படித்தாள். வேன் கதவின் தாழ்ப்பாள் கழன்றது திங்கட்கிழமை. இன்று வியாழன். அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு வவுச்சர் கம்பெனிக்கு அது எப்படித் தெரிந்தது?

“மேடம், வெயில் ஏறுது,” என்றார் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர். பக்கத்தில் அவர் மனைவி புதுக் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவள் போல முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“சார், இந்த வவுச்சர் இங்க செல்லாது.”

“உங்க பேர்தானே போட்டிருக்கு?”

“பேர் எங்களோடது. காசு வாங்கினது அவங்க. அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது.”

“முப்பது பர்சன்ட் தள்ளுபடி மேடம்! ஐயாயிரம் டிக்கெட்டை மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியிருக்கேன்.”

“எங்க டிக்கெட்டே மூவாயிரம்தான் சார்.”

மனைவி கண்ணாடியைக் கழற்றிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தள்ளுபடி எதுவும் இல்லை.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் ரொம்ப எளிமையானது. மூவாயிரம் டிக்கெட்டை, ஐயாயிரம் என்று கம்பெனி தன் பக்கத்தில் எழுதும். அந்த ஐயாயிரத்தை அடித்துவிட்டு மூவாயிரத்து ஐந்நூறு என்று சிவப்பில் போடும். வாங்குகிறவர் ஐந்நூறு அதிகமாகக் கொடுத்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் மூன்று மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு வருவார். பறக்கவைக்கிறவருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு காசு வராது. ஆள் மட்டும் வருவார். “செல்லாது” என்று சொன்னால், கம்பெனி பணத்தைத் திருப்பித் தராது. அதற்குப் பதிலாக, பறக்கவைக்கிறவர் மேல் புகார் எழுதிக் கொடுக்க அன்போடு உதவி செய்யும்.

அந்தப் புகார்தான் அண்ணியின் தலைவலி. மலை உச்சியிலிருந்து பறக்க அனுமதி தருவது மலை அலுவலகம். ஒரு பருவத்தில் பத்துப் புகார் சேர்ந்தால் அனுமதி ரத்து. இதுவரை நான்கு இருந்தது. அன்று மாலை ஐந்து ஆனது.

“போனா போகுது அண்ணி. காத்து நல்லா இருக்கு, அதை நினைங்க,” என்றான் கொழுந்தன்.

அவன்தான் பைலட். பயணியை முன்னால் கட்டிக்கொண்டு, பின்னாலிருந்து பாராகிளைடரை இயக்குகிறவன். சரிவில் இருவரும் பத்தடி ஓடினால் போதும், பதினொன்றாவது அடிக்குத் தரை இருக்காது. அவனுக்கு மேலே போனால் எல்லாம் மறந்துவிடும். கீழே இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

“போனா போகுதுன்னு விட நான் என்ன காத்தா? விடமாட்டேன்,” என்றாள் அண்ணி.

மூன்றாவது ஆள் வேன் டிரைவர். வளைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பதால் அவருக்கு ஹாரன் என்றே பெயர். பயணிகளை மேலே கொண்டுபோய் விடுவதும், வானத்திலிருந்து இறங்கியவர்களைக் கீழே மைதானத்தில் அள்ளிக்கொண்டு வருவதும் அவர் வேலை. நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பார்.

ஒருவர் மலைமேல், ஒருவர் சாலையில், ஒருத்தி கவுன்ட்டரில். மூவரும் ஓரிடத்தில் சேர்வதே அபூர்வம். அதனால் அண்ணி ஒரு சட்டம் போட்டிருந்தாள். எதுவானாலும் தங்கள் இணையப் பக்கத்தில் ‘இன்றைய குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதிவிட வேண்டும். காற்று, நேரம், டீசல், எல்லாம். மூவரும் அவரவர் ஃபோனில் பார்த்துக்கொள்ளலாம். மாலையில் அண்ணி படித்துக்கூடப் பார்க்காமல் மொத்தமாக அழித்துவிடுவாள். வெளியாட்கள் பார்ப்பார்களே என்ற கவலை அவளுக்கு இல்லை. விலை, நேரம், வழி எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தும் மக்கள் ஃபோன் செய்துதான் கேட்டார்கள். ஆகவே அதை ஒரு மனிதனும் படிப்பதில்லை என்று எட்டு வருட அனுபவத்தில் முடிவு கட்டியிருந்தாள்.

முதல் காரியமாக, கவுன்ட்டருக்கு மேலே ஆளுயரப் பலகை வைத்தாள்: ‘வெளியார் விற்கும் தள்ளுபடி வவுச்சர்கள் இங்கே செல்லாது.’

மறுநாள் ஒரு ஆசிரியர் வந்து அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“இதை எங்க வெச்சிருக்கீங்க?”

“இங்கதான் சார்.”

“வாங்கின இடத்துல வெச்சாத்தானே வாங்காம இருக்கலாம்? வந்த இடத்துல வெச்சா அழத்தான் முடியும்.”

எழுத்துப் பிழையே இல்லாமல் எழுதினார். ஆறாவது புகார்.

அண்ணி அசரவில்லை. விலையைக் குறைத்தால் வவுச்சரை யார் வாங்குவார்கள்? மூவாயிரத்தை இரண்டாயிரத்து எழுநூறு ஆக்கினாள். கொழுந்தனிடம் சொன்னாள், ஹாரனிடம் சொன்னாள், தங்கள் பக்கத்தில் மாற்றினாள். பத்தே நிமிடம். கம்பெனி மூவாயிரத்து இருநூறு என்று இறக்கிவிட்டது. பழைய ஐயாயிரம் அப்படியே இருந்ததால், ‘முப்பது பர்சன்ட்’ இப்போது ‘முப்பத்தாறு பர்சன்ட், முந்துங்கள்!’ என்று மின்னியது.

மக்கள் முந்தினார்கள். ஏழாவது புகார்.

“பத்து நிமிஷத்துல எப்படித் தெரியும்? யாரோ தகவல் சொல்றாங்க தம்பி.”

“யாரு அண்ணி சொல்லப் போறாங்க? இருக்கிறதே நாம மூணு பேரு.”

“அதைத்தான் நானும் எண்ணிப் பார்த்தேன்,” என்றாள் அண்ணி. ஜன்னலுக்கு வெளியே ஹாரன் ஃபோனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சந்தேகத்தைப் பிறகு பார்க்கலாம் என்று கம்பெனிக்கே ஃபோன் போட்டாள். வவுச்சர் நம்பர் இல்லாமல் பேச மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, தன் சொந்த இடத்தில் பறப்பதற்குத் தானே மூவாயிரத்து இருநூறு கட்டி ஒரு வவுச்சர் வாங்கினாள். மறுபடி அழைத்தாள். இந்த முறை தேன் ஒழுகியது.

“சொல்லுங்க மேடம், வவுச்சரை அங்க ஏத்துக்கலையா?”

“ஏத்துக்கல! ஏத்துக்கவும் மாட்டோம்!”

“மாட்டோமா?”

“அந்த இடத்தை நடத்துறதே நான்தாம்மா!”

“ஓ. அப்ப மறுத்தது நீங்களா மேடம், மறுக்கப்பட்டது நீங்களா?”

“ரெண்டும் நான்தான்!”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “சரி மேடம். உங்க மேல நீங்க கொடுத்த புகாரைப் பதிவு பண்ணி மலை அலுவலகத்துக்கு அனுப்பிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?”

எட்டு.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு அண்ணி கை கழுவும்போது முடிவு செய்தாள்: முதலில் உளவாளி, பிறகு கம்பெனி.

பொறி எளிமையானது. இரண்டு பேரிடம் இரண்டு வேறு பொய்யைச் சொல்ல வேண்டும். எந்தப் பொய் வெளியே வருகிறதோ, அதைக் கேட்டவன்தான் ஆள். ஹாரனைத் தனியாகக் கூப்பிட்டு, “சனிக்கிழமை வர்றவங்களுக்கெல்லாம் ஷூ இலவசம்,” என்றாள். மலைமேலிருந்த கொழுந்தனுக்கு ஃபோன் போட்டு, “சனிக்கிழமை எல்லாருக்கும் தொப்பி இலவசம்,” என்றாள். தான் எதையும் எங்கேயும் எழுதவில்லை. சனிக்கிழமை காலையில் காதணி ஆட நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பதினொரு பேர் வந்தார்கள். அத்தனை பேர் கையிலும் வவுச்சர். அதில் ஆறு பேர் செருப்போடு வந்திருந்தார்கள்.

“எனக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ,” என்றார் முதலில் நின்றவர்.

அண்ணியின் கண்கள் ஜன்னல் வழியே ஹாரனைத் தேடிப் பாய்ந்தன. “பிடிச்சேன்!”

“பிடிக்கணும்தான். போன தடவை வாங்கினது கடிச்சிடுச்சு,” என்றார் அவர்.

“எங்க தொப்பி எங்க?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வழுக்கைத் தலையர் ஒருவர் எம்பி எம்பிப் பார்த்தார். “தொப்பின்னு போட்டிருந்ததாலதான் நான் வாங்கினதே!”

அண்ணி அப்படியே நாற்காலியில் அமர்ந்தாள். ஷூவும் வந்திருக்கிறது, தொப்பியும் வந்திருக்கிறது. அப்படியானால் இரண்டு பேருமா?

பத்துப் பேரிடம் கெஞ்சிப் பேசி, இரண்டாயிரத்து எழுநூறை நேராக வாங்கிக்கொண்டு, செருப்புக்காரர்களுக்குக் கொழுந்தனின் பழைய ஷூக்களை மாற்றி மாற்றி மாட்டிவிட்டுப் பறக்க அனுப்பினாள். வழுக்கைத் தலையர் மட்டும் மசியவில்லை. ஒன்பது.

மாலையில் இருவரையும் கவுன்ட்டருக்கு முன்னால் நிறுத்தினாள்.

“தம்பி, நீ என் வீட்டுப் பிள்ளை. உன்கிட்ட அப்புறம் வரேன். ஹாரன், நீங்க சொல்லுங்க. ஷூ விஷயத்தை யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் சொல்லல அண்ணி.”

“அப்ப எப்படிப் போச்சு?”

“எனக்கு மறதி ஜாஸ்தி. நீங்க வெச்ச சட்டம்தானே? குறிப்புல எழுதிட்டேன்.”

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். “தொப்பியை நானும் அங்கதான் எழுதினேன் அண்ணி. நீங்க ஃபோன்ல சொன்னப்ப கையில கயிறு இருந்துச்சு. இறங்கினதும் முதல் வேலையா எழுதினேன்.”

அண்ணி குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலையில், தாழ்ப்பாள் கழன்றதும், ‘முன்சீட்டில் உட்கார வேண்டாம்’ என்று அந்தக் கட்டத்தில் தட்டியது இதே விரல்கள்தான்.

“ஆனா அதைத்தான் ஒரு மனுஷனும் படிக்கிறதில்லையே!”

“மனுஷன் படிக்கல அண்ணி, மெஷின் படிக்குது,” என்றார் ஹாரன். ஃபோனை நீட்டினார். ஒரு பக்கத்தில் தங்கள் குறிப்பு, இன்னொரு பக்கத்தில் வவுச்சர் கடை. “எத்தனை பேர் வருவாங்கன்னு தெரிஞ்சுக்க நான் தினமும் அவன் கடையைப் பார்ப்பேன். நீங்க இங்க எதை மாத்தினாலும் பத்து நிமிஷத்துல அங்க மாறிடும். விலைன்னா ஐந்நூறு கூட்டிப் போடும். எழுத்துன்னா அப்படியே தூக்கிக் கடையில மேல கொட்டை எழுத்துலயும், வவுச்சர்ல அடியிலயும் போடும். என்ன எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. ‘டீசல் இல்ல’ன்னு எழுதினா அதுவும் சிறப்பு அம்சம்தான். ஒரு வாரமா அதைப் பார்த்துத்தான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்.”

“இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“நீங்கதான் ஒரு வாரமா என் முகத்தைக்கூடப் பார்க்கலையே.”

அண்ணிக்குக் காது சிவந்தது. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். குறிப்புக் கட்டத்தையே பக்கத்திலிருந்து பிடுங்கி எறிந்துவிடுவது என்று விரலை ஓங்கினாள்.

ஹாரன் குறுக்கே கையை நீட்டினார்.

“எடுத்துடாதீங்க அண்ணி. ‘இந்த வவுச்சர் அங்கே செல்லாது, இதை வாங்காதீர்கள், எங்களுக்கு நேராக ஃபோன் செய்யுங்கள், ஐந்நூறு குறைவு’ன்னு எழுதி நம்ம நம்பரைப் போடுங்க. அவன் கடை வாசல்ல அவனே ஒட்டிக்குவான்.”